டயருக்குப் பின்னாடி கெடந்த மஞ்சத் துண்டு

போன வாரம் காலைல வண்டிய எடுக்கப் போனப்ப முன்பக்க வலது டயருக்குப் பின்னாடி தரையில ஒரு சாமான் கெடந்துச்சு. சாமான்னு சொல்றேன், ஏன்னா வேற என்ன பேர் சொல்றதுன்னு அன்னைக்குத் தெரியல. கட்டைவிரல் நீளம் இருக்கும், ஒரு பக்கம் வழவழன்னு வளைவு, மறுபக்கம் பிச்சு எடுத்த மாதிரி கரடுமுரடு, நெறம் பழசான ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு அழுக்கு மஞ்சள், ஆனா ஸ்பாஞ்ச் அளவுக்கு மெத்துன்னு இல்ல, அழுத்துனா கொஞ்சம் உள்ள போகுது, விட்டா திரும்பி வருது, அப்படி வரும்போதே ஓரமெல்லாம் தூளா உதிருது. ரெண்டடி தள்ளி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கிளிப்பும் கெடந்துச்சு. ரெண்டையும் எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

வீட்டுல காட்டுனா "ஏங்க இது குளவிக்கூடு, தூக்கிப் போடுங்க"ன்னாங்க. தம்பிக்கு போட்டோ அனுப்புனா "அண்ணா ஏசி பைப் மேல சுத்துற ஃபோமா இருக்கும், விடு"ன்னு ரிப்ளை பண்ணான். ஆபீஸ்ல ஒருத்தர் எலி கடிச்சுப் போட்ட சீட் ஸ்பாஞ்ச்னு அடிச்சு சொன்னாரு. உண்மைய சொல்லணும்னா பாக்குறதுக்கு மூணுமே சரின்னுதான் பட்டுச்சு.

ஆனா நான் தூக்கிப் போடல. அதுக்கு ஒரு முன்கதை இருக்கு. இதுக்கு முன்னாடி வச்சிருந்த பழைய கார்ல ஒரு நாள் பெடலுக்குக் கீழ விரிச்சிருக்குற மேட் மேல சின்னச் சின்னதா பிளாஸ்டிக் துணுக்கு கெடந்துச்சு, ஒரு பட்டன் ஒடஞ்சா எப்படி இருக்குமோ அப்படி, நான் ஏதோ ஷூவுல ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு நெனச்சு பிரஷ்ஷால கூட்டித் தள்ளிட்டேன். அடுத்த நாள் காலைல பேட்டரி செத்துக் கெடந்துச்சு. ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி ஓட்டுனேன், மறுநாள் திரும்பவும் செத்துச்சு, பேட்டரி பழசாயிடுச்சுன்னு புதுசே மாத்திட்டேன், அதுவும் செத்துச்சு. கடைசில ராத்திரி ஒரு தடவ தற்செயலா திரும்பிப் பாத்தா வண்டி ஆஃப்ல இருக்கு, சாவி என் கைல இருக்கு, பின்னாடி ரெண்டு பிரேக் லைட்டும் செக்கச்செவேல்னு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. விஷயம் என்னன்னா பிரேக் பெடலோட இரும்புக் கைல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல ஒரு பிளாஸ்டிக் இல்லன்னா ரப்பர் பட்டன் சொருகியிருப்பாங்க, நீங்க கால எடுத்ததும் பெடல் மேல வந்து அந்தப் பட்டன்தான் பிரேக் லைட் சுவிட்சோட முனைய அழுத்திப் புடிக்கும், முனை அழுந்தியிருந்தா லைட் அணைஞ்சிருக்கும். பட்டன் வருஷக்கணக்குல காஞ்சு ஒடஞ்சு உதிர்ந்துட்டா சுவிட்ச் முனை அந்த ஓட்டை வழியா நேரா வெளிய வந்துடும், வண்டியப் பொறுத்தவரைக்கும் நீங்க இருபத்தி நாலு மணி நேரமும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க. விரல் நகம் அளவு பட்டன். கிளட்ச் பெடல்லயும் பல வண்டில இதே மாதிரி ஒண்ணு உண்டு, அது ஒடஞ்சா சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, ஏன்னா கிளட்ச்ச முழுசா மிதிச்சு அந்தப் பட்டன் இன்னொரு சுவிட்ச அழுத்துனா மட்டும்தான் ஸ்டார்ட்டருக்குப் பர்மிஷன் கெடைக்கும். நான் கூட்டித் தள்ளுனது அந்தப் பட்டனோட துணுக்கத்தான். அன்னைலேர்ந்து வண்டிக்குள்ளயோ வண்டிக்கு அடியிலயோ எது கெடந்தாலும் ஒரு கவர்ல போட்டு டாஷ்போர்டு டிராயர்ல வச்சிடுவேன், வீட்டுல அதுக்கு குப்பைத்தொட்டின்னு பேரு.

சரி மஞ்சத் துண்டுக்கு வருவோம். மொதல்ல போன்ல இமேஜ் சர்ச் போட்டுப் பாத்தேன். வாக்யூம் கிளீனர் ஃபில்டர்னுச்சு, ஒரு தடவ தேன்கூடுன்னுச்சு, இன்னொரு தடவ ஏதோ கடல்ல இருக்குற ஜீவராசின்னுச்சு. தப்பு என் மேலயும்தான், துண்டு அரைகுறை, பக்கத்துல ஸ்கேல் வைக்கல, ஒரே கோணத்துல எடுத்தது. முழு பார்ட் கெடச்சா இந்த சர்ச் ஓரளவு வேலை செய்யும், ஒடஞ்ச துண்ட வச்சு அது பாவம் என்ன பண்ணும்.

அடுத்து ஏதாவது எழுத்து இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். கார் பார்ட்ல எழுத்து இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பிளாஸ்டிக் பாகமா இருந்தா உள்பக்கம் > < இந்த ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல பொருளோட பேர் இருக்கும், ஐஎஸ்ஓ 11469னு ஒரு ஸ்டாண்டர்ட் படி போடுறது, ரீசைக்கிள் பண்றவங்களுக்காக வச்சது ஆனா நமக்கும் துப்பு. பிபி-டி20னு இருந்தா பாலிபுரொப்பிலீன்ல 20 சதவீதம் டால்க் கலந்தது, டிரிம், கவர் மாதிரி சமாச்சாரம். பிஏ66-ஜிஎஃப்30னு இருந்தா நைலான்ல 30 சதவீதம் கண்ணாடி நார், அப்படின்னா சூடும் பளுவும் தாங்க வேண்டிய எடம், இஞ்சின் பக்கம் தேடலாம். ஈபிடிஎம்னா வெயில் மழை தாங்குற ரப்பர், கதவு ரப்பர், கூலன்ட் ஹோஸ் வகையறா. சிலதுல கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டம், சுத்தி 1லேர்ந்து 12 வரைக்கும், நடுவுல ஒரு அம்பும் ரெண்டு இலக்கமும் இருக்கும், அது அச்சுல வார்த்த மாசமும் வருஷமும், வண்டி வருஷத்தோட ஒப்பிட்டா அது ஒரிஜினலா நடுவுல மாத்துனதான்னு தெரிஞ்சிடும். இதுல ஒரு ஏமாத்து என்னன்னா இரும்புலயும் பிளாஸ்டிக்லயும் புடைப்பா இருக்குற எல்லா நம்பரும் பார்ட் நம்பர் கிடையாது, பல நேரம் அது அச்சு நம்பர், அத சர்ச்ல போட்டா ஒண்ணும் வராது.

பார்ட் நம்பரே கெடச்சா அதுக்குள்ளயே ஒரு இலக்கணம் இருக்கு. டொயோட்டால 5-5னு பத்து இலக்கம், மொதல் அஞ்சு அது என்ன வகைப் பாகம்னு சொல்லும், பின்னாடி இருக்குறது எந்த வண்டிக்குன்னு. ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துல மூணு மூணா பிரிச்சிருப்பாங்க, நடுவுல வர மூணுல மொத இலக்கம் 4னா முன் ஆக்சில் சமாச்சாரம், 6னா வீல், பிரேக், 8னா பாடி, 9னா எலக்ட்ரிக்கல். இதெல்லாம் படிச்சுப் படிச்சு ரெண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம், என் துண்டுல ஒத்த எழுத்து இல்ல.

அப்பதான் புத்தி வந்துச்சு. இவ்ளோ நேரமும் துண்டையே பாத்து நீ யாருன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், அது என்ன பதில் சொல்லும். வண்டிலதான் எங்கயோ ஒரு எடம் காலியா இருக்கும், அதத் தேடணும். அதுலயும் காருக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, வீல், சஸ்பென்ஷன், பிரேக் இதெல்லாம் எடமும் வலமும் கண்ணாடி பிம்பம் மாதிரி ஜோடியாத்தான் இருக்கும், ஒரு பக்கம் விழுந்தா மறுபக்கம் அதோட கூடப்பொறந்தது இன்னும் உக்காந்திருக்கும். நல்ல பக்கத்த ஒழுங்கா பாத்து வச்சுக்கிட்டா கெட்ட பக்கத்துல என்ன இல்லன்னு தானா கண்ணுல படும்.

ஜாக்கி போட்டு அடியில படுக்குற வேலையெல்லாம் வேணாம், ஜாக்கிய மட்டும் நம்பி கார் அடியில போறது சாவு வேலை, ஸ்டாண்ட் இல்லாம போகவே கூடாது. முன் வீலுக்கு அதுவும் தேவையில்ல. ஸ்டீயரிங்க ஒரு பக்கம் முழுசா ஒடிச்சுட்டு வண்டிய ஆஃப் பண்ணி ஹேண்ட்பிரேக் போட்டா வீலுக்குப் பின்னாடி நல்லா எடம் தெறக்கும், போன்ல டார்ச்ச ஆன் பண்ணி வீடியோ போட்டு கைய மட்டும் உள்ள விட்டு மெதுவா சுத்திக் காட்டி எடுத்துட்டு வெளிய வந்து உக்காந்து பாத்தா போதும்.

எடது பக்க வீடியோல கம்பிச் சுருள் ஸ்ப்ரிங்குக்கு நடுவுல துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு கறுப்பு உறை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒழுங்கா மூடியிருந்துச்சு. வலது பக்க வீடியோல அந்த உறை கிழிஞ்சு ஒரு பக்கமா கீழ தொங்குது, ஷாக்கோட, அதாவது ஷாக் அப்சார்பரோட ராடு வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு வெட்டவெளியா நிக்குது, ராடோட மேல் முனைல சுத்தி அப்பியிருந்துச்சு பாருங்க, அதே அழுக்கு மஞ்சள். எனக்கு அப்ப வந்த சந்தோஷத்த வீட்டுல யாரும் பகிர்ந்துக்கல.

எடது பக்க உறையோட கீழ் ஓரத்த ஒரு பெயிண்ட் பிரஷ் கைப்பிடியால மெதுவா மேல தள்ளிப் பாத்தா உள்ள முழு உருவம் தெரிஞ்சுச்சு, வளையத்துக்கு மேல வளையம் அடுக்குன மாதிரி, நடுநடுவுல இடுப்பு ஒடுங்கி, ராடு நடு ஓட்டை வழியா போகுது. பேரு பம்ப் ஸ்டாப். அந்தக் கறுப்பு உறைக்குப் பேரு டஸ்ட் பூட், தூசு உறைன்னு வச்சுக்கலாம்.

பேர உறுதி பண்றதுக்கு ஆன்லைன்ல பார்ட்ஸ் கேட்டலாக் பாத்தேன், வண்டியோட 17 எழுத்து விஐஎன் நம்பர, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா இருக்குற அடையாள நம்பரப் போட்டா அந்த வண்டிக்கான படத்த பிரிச்சுப் பிரிச்சுக் காட்டும். மொத தடவ எடுத்துக்கல, நான் பூஜ்ஜியத்துக்குப் பதிலா ஓன்னு அடிச்சுட்டேன். விஐஎன்ல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, 1, 0 கூட கொழப்பிக்கக் கூடாதுன்னு மொதல்லயே தூக்கிட்டாங்க. படம் வந்ததுக்கப்புறம் இன்னொரு கூத்து, பட்டியல்ல பம்ப் ஸ்டாப்னு ஒண்ணே இல்ல. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வச்சிருக்கான், டொயோட்டா பட்டியல்ல 48331னு ஆரம்பிக்கிறது இதுதான், ஆனா பேரு 'ஸ்ப்ரிங் பம்பர்'னு இருக்கும், பம்பர்னு பாத்ததும் நாம என்ன நெனப்போம், முன்னாடி இருக்குற பம்பர்னுதானே தாண்டிப் போவோம். ஹோண்டா 'பம்ப் ஸ்டாப் ரப்பர்'னு போடுறான், வேற சிலர் 'ஸ்டாப் பஃபர்'னு. அதனால பேர வச்சுத் தேடாம படத்த வச்சுத் தேடி, படத்துல இருக்குற நம்பரப் புடிச்சு பட்டியலுக்குப் போறதுதான் ஒழுங்கான வழி.

இது ரப்பர் மாதிரி தெரிஞ்சாலும் பெரும்பாலும் நுண்ணுண்ணு காத்துக்குமிழ் நெறஞ்ச பாலியூரித்தேன், பிஏஎஸ்எஃப் கம்பெனி செல்லாஸ்டோன்னு விக்கிறது இந்த ரகம்தான். கெட்டி ரப்பர அழுத்துனா பக்கவாட்டுல பிதுங்கும், இது உள்ள இருக்குற குமிழ் நசுங்கி தன்னையே சுருக்கிக்கும், அதான் ஒடுக்கமான எடத்துல வேலை செய்யுது. மொதல்ல மெத்துன்னு, அழுத்த அழுத்த கல்லு மாதிரி. பள்ளத்துல வீல் எறங்கி ஏறும்போது சஸ்பென்ஷன் முழுசா மேல போய் இரும்பும் இரும்பும் மோதாம கடைசி நொடில தாங்குறது இதான், பல கார்ல அதுக்கு முன்னாடியே தொட்டு ரெண்டாவது ஸ்ப்ரிங் மாதிரி கூடவே வேலை செய்யுது. ஈரம், சூடு, வயசு மூணும் சேந்தா இந்தப் பொருள் உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு கையில எடுத்தா பொடியாகுற நெலைக்கு வந்துடும். ஷாக் வேற ஏற்கனவே செத்திருந்தா ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடி இது மேலதான் விழும், சீக்கிரம் போயிடும்.

இத எழுதும்போதுதான் உறைக்குது, ரெண்டு மாசமா பெரிய பள்ளத்துல எறங்குனா வலது பக்கம் 'டம்'முனு ஒரு சத்தம் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, ரோடு மோசம்னு ரோட்ட திட்டிக்கிட்டே ஓட்டிட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். எனக்குக் கெடச்சது நுரை, அதனால ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ண டைம் இருந்துச்சு. கெடச்சது இரும்பா இருந்தா கதையே வேற, இரும்புன்னா மொதல்ல வண்டிய நிறுத்திட்டுதான் அது என்னன்னு பாக்கணும். விரல் தடிமன்ல வளைஞ்ச கம்பித் துண்டு, மேல கறுப்பு பெயிண்ட், ஒரு முனை ஒடஞ்சதுன்னா அது ஸ்ப்ரிங்கோட கடைசிச் சுத்து, மிச்சம் இருக்குற கூர் முனை டயர கிழிச்சிடும். ஒடஞ்ச முகத்தப் பாத்தா கதை தெரியும், முழுக்கப் பளபளன்னு இருந்தா இப்ப ஒடஞ்சது, பாதி துருவும் பாதி பளபளப்புமா இருந்தா விரிசல் ரொம்ப நாளாவே இருந்து இப்ப மிச்சமும் போயிருக்கு. முள்ளுக்கம்பி மாதிரி ரெண்டு காலோட இருக்குற ஸ்ப்ளிட் பின், கோட்டை மதில் மாதிரி பல்லு வெட்டுன நட்டு, இந்த ரெண்டுல எது கீழ கெடந்தாலும் ஒரு அடி கூட ஓட்டாதீங்க, அது பெரும்பாலும் வீலையோ ஸ்டீயரிங் ஜாயிண்ட்டையோ புடிச்சு வச்சிருக்குற சாமான். நட்டோட மரை புதுசு மாதிரி மின்னுனா தானா கழண்டு சுத்திச் சுத்தி வெளிய வந்திருக்குன்னு அர்த்தம்.

மறுபக்கம், பாத்தா பயமா இருக்கும் ஆனா ஒண்ணும் இல்லாத சாமானும் நெறைய. கோழிமுட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா ஒரு மெல்லிசு தகடு, காந்தம் ஒட்டலன்னா அது அலுமினிய ஹீட் ஷீல்டு, சைலன்ஸர் சூடு மேல பாடிக்குப் போகாம தடுக்குறது, போல்ட் எடம் அரிச்சு விழுந்திருக்கும், ஓட்டலாம், ஆனா மாட்டாமலே விட்டுடக் கூடாது. 5, 10, 15னு நம்பர் போட்ட சின்ன உலோகத் துண்டு வீல் பேலன்சிங் வெயிட், நம்பர் கிராம் கணக்கு, வேகம் ஏறும்போது ஸ்டீயரிங் ஆடுதான்னு பாருங்க. எட்டு மாதிரி ரெண்டு ஓட்டை உள்ள தடி ரப்பர் சைலன்ஸர் தொங்குற ரப்பர், அது ஒண்ணு போனா அடுத்ததுக்குப் பளு கூடி அதுவும் போகும்.

மெக்கானிக்கிட்ட துண்டோட போனேன், கவர்லேர்ந்து எடுத்து மேஜை மேல வச்சதும் "பம்ப் ஸ்டாப் சார்"னு ஒரே செகண்ட்ல சொல்லிட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அவரு ஷாக்க எறக்குனதும் நான் யோசிக்காத ஒண்ணக் காட்டுனாரு, கிழிஞ்ச உறை வழியா மண்ணு போய் ராடு மேல கோடு கோடா கீறியிருக்கு, அந்தக் கீறல் மேல கீழ போகும்போது ஆயில் சீல அறுத்து லேசா எண்ணெ கசிய ஆரம்பிச்சிருக்கு. வெறும் பம்ப் ஸ்டாப் மட்டும் மாத்திட்டு வரலாம்னு போனவன் ரெண்டு ஷாக்கும் மாத்திட்டு வந்தேன். எடது பக்கத்தது நல்லாத்தானே இருக்குன்னேன், அவரு ஒண்ணும் பேசாம எடது பக்க பம்ப் ஸ்டாப்ப கழட்டி என் உள்ளங்கைல வச்சு "அழுத்துங்க"ன்னாரு. அழுத்துனேன். பொலபொலன்னு விரல் இடுக்குல வழிஞ்சுச்சு.

கிளிப் மட்டும் கணக்குல வரல. பம்பர் அடி, வீல் ஆர்ச் உள்ள இருக்குற பிளாஸ்டிக், இஞ்சினுக்குக் கீழ இருக்குற கவர்னு எல்லா ஓட்டையும் எண்ணிட்டேன், எல்லாத்துலயும் கிளிப் இருக்கு. மெக்கானிக் அத திருப்பிப் பாத்துட்டு "இது உங்க வண்டியோடதே இல்ல சார், உங்களுது ஸ்க்ரூ மாதிரி திருகுறது, இது நடுவுல அழுத்துற டைப்பு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு நாள் நான் ஊர்ல இல்லாதப்ப மாடி வீட்டுக்காரர் என் எடத்துல வண்டி நிறுத்தியிருந்தாரு. சாயங்காலம் அவர் வண்டி முன்னாடி குனிஞ்சு பாத்தா கீழ் கவரோட ஒரு மூலை நாக்கு மாதிரி தொங்குது. அவரக் கூப்ட்டுக் காட்டுனேன், "வேகமா போனா சடசடன்னு ஒரு சத்தம் சார், கதவு ரப்பர்னு நெனச்சு நேத்துதான் அத மாத்துனேன்"னாரு. கிளிப்ப வாங்கி ஓட்டைல வச்சு அழுத்துனாரு, டிக்குனு உக்காந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே இன்னும் ரெண்டு ஓட்டை காலியா இருந்துச்சு.